வந்த படிவங்கள், வராத நோயாளிகள்

திருகோணமலை மாவட்டத்தின் மூதூர்ப் பிரிவிலுள்ள கட்டைபறிச்சானில் ஒருவருக்குக் காய்ச்சல். டெங்கு என்ற சந்தேகம் வந்ததுமே ஆஸ்பத்திரி அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) வீடு தேடி வந்து விசாரிப்பார். வாரக் கணக்கு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் வேர்கொண்ட ஏற்பாடு இது.

அந்தப் பிரிவின் வாராந்த அறிக்கையில் திருகோணமலை உட்பட ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் நேரந்தவறாமை, முழுமை என இரண்டு சதவீதங்கள் அச்சாகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே முழுமை என்பது, வரவேண்டிய படிவங்களில் எத்தனை வந்தன என்பதை மட்டுமே சொல்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தவர் எந்தப் படிவத்திலும் இல்லை.

இல்லாதவர்களை எப்படி எண்ணுவது?

1949இல் சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஒரு வழி காட்டினார்கள். கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில், பதிவாளரின் பிறப்பு இறப்புப் பட்டியலை, வீடுவீடாகக் கேட்டெழுதிய பட்டியலோடு ஒப்பிட்டார்கள். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டால் விளங்கும். அரசப் பதிவேட்டில் 60 நோயாளிகள். வீட்டு விசாரணையில் 40 பேர். இரண்டிலும் இருப்போர் 30. அந்த 40 பேரில் 30 பேரை, அதாவது முக்கால்வாசியை, பதிவேடு பிடித்திருக்கிறது. அப்படியானால் 60 என்பதும் மொத்தத்தில் முக்கால்வாசி, மொத்தம் 80. ஏதாவது ஒரு பட்டியலிலேனும் காணப்பட்டவர்கள் 70 பேர்தான். எவர் கண்ணிலும் படாதவர்கள் 10 பேர்!

ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். பிஎச்ஐயின் பதிவேடு ஆஸ்பத்திரி அறிவித்தலிலிருந்தே பிறப்பதால், அவை இரண்டையும் ஒப்பிட்டால் விடுபட்டோர் தொகை குறைவாகவே தெரியும். மூன்றாவது பட்டியல் ஒன்று சேர்ந்தால், அந்தச் சார்பையும் கணித மாதிரிக்குள் கொண்டுவந்து ஓரளவு திருத்தலாம்.

மூதூர்ப் பகுதிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள் ஆண்டுக்கணக்கில் கட்டைபறிச்சான் முகாமில் இருந்தார்கள். பழைய குடித்தொகையால் வகுத்து நோய்வீதம் கண்டிருந்தால், அது யாருடைய வீதம்?

அலட்சியத்தின் விலையை இலங்கை அறியும். 1963இல் நாடு முழுவதிலும் மலேரியா நோயாளிகள் 17 பேர்தான். கண்காணிப்பும் மருந்துத் தெளிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் படுத்தார்கள். 2017இல் 1,86,101 டெங்கு நோயாளிகள் பதிவானபோது, அயலிலுள்ள கிண்ணியா கடுமையாக அடிபட்டது.

மூதூர்ப் பிரிவில் சில கிராமங்களிலேனும் ஆண்டுக்கொருமுறை வீட்டு விசாரணை நடத்தி, பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். விடுபட்டோரின் மதிப்பீட்டை வாராந்த அறிக்கையில் மூன்றாவது சதவீதமாக அச்சிட வேண்டும்.