எடை மட்டும் பார்த்தால் போதுமா? ஐ.டி. டீம்களுக்கு நெல் மூட்டை சொல்லும் பாடம்!

ஒரத்தநாடு பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் விவசாயிகளுக்கு ஓர் எண் மனப்பாடம். அது 17. வழக்கமான விதிப்படி நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. "நல்லா காஞ்சிருக்குங்க" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கருவி காட்டுவதுதான் கணக்கு.

எடையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்? ஈர நெல்லுக்கு எடை அதிகம். காய வைத்தவருக்குத்தான் நஷ்டம். அதனால்தான் எடையோடு ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

இதே சிக்கல் சாஃப்ட்வேர் டீம்களிலும் உண்டு. 2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. ஐ.டி. வேலை டெல்டாவுக்கே வரத் தொடங்கியிருக்கிறது. கூடவே 'டார்கெட்', 'அப்ரைசல்' என்ற வார்த்தைகளும் வீட்டுக்குள் வரும். தவறான டார்கெட் என்றால், நன்றாக வேலை செய்பவருக்கே சம்பள உயர்வு கைநழுவலாம்.

மைனஸ் 2,000

1982-ல் ஆப்பிள் நிறுவனத்தின் லிசா கம்ப்யூட்டர் பிரிவில், வாரம் எத்தனை வரி புரோகிராம் எழுதினோம் என்று படிவத்தில் குறிக்கச் சொன்னார்கள். பில் அட்கின்சன் என்ற பொறியாளர் ஒரு பகுதியைச் சுருக்கி எழுதியிருந்தார். அது சுமார் ஆறு மடங்கு வேகமானது. ஆனால், 2,000 வரிகள் குறைந்துவிட்டன. படிவத்தில் அவர் '-2000' என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

நல்ல இலக்கு எப்படி இருக்கும்?

"ஆப்பை வேகமாக்குவோம்" என்பது ஆசை. "மார்ச் 31-க்குள் ஆப் திறக்கும் நேரத்தை 6 விநாடியிலிருந்து 2 விநாடியாகக் குறைப்போம்" என்பது இலக்கு. இப்போது எங்கே இருக்கிறோம், எங்கே போக வேண்டும், எப்போதுக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இன்டெல்லில் ஆண்டி குரோவ் வளர்த்த இந்த முறையை, ஜான் டோயர் 1999-ல் கூகுளுக்குக் கொண்டுபோனார். 'ஓ.கே.ஆர்.' என்று இன்று பல நிறுவனங்கள் பின்பற்றுவது இதைத்தான்.

அடுத்து, ஓர் அளவுக்கு இன்னோர் அளவு காவல் இருக்க வேண்டும். 'டோரா' என்ற ஆய்வுக் குழு பிரபலமாக்கிய நான்கு அளவுகள் அப்படிப்பட்டவை. எத்தனை முறை புதிய மாற்றங்களை வெளியிடுகிறோம், எழுதிய மாற்றம் பயனாளரிடம் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பவை வேகத்துக்கு. வெளியிட்டதில் எத்தனை கோளாறானது, அதைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது என்பவை தரத்துக்கு. எடையும் ஈரப்பதமும் போலத்தான்!

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

டார்கெட் கையில் வந்ததும் டீம் லீடரிடம் இவற்றைக் கேட்கலாம்:

* இன்றைய நிலவரம் என்ன எண்?
* இந்த எண் கூடினால் பயனாளருக்கு என்ன லாபம்?
* குறுக்கு வழியில் இதை எட்ட முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்று பதில் வந்தால், மாற்ற வேண்டியது ஊழியரை அல்ல, டார்கெட்டை!