தீவகத்தில் பயணத் தடை

தொற்றுநோய்க் காலத்தில் அரசு நடமாட்டத்தைத் தடுப்பது ஆட்கள் ஒருவரையொருவர் நெருங்கும் வாய்ப்பைக் குறைக்கத்தான். அது எவ்வளவு பலித்தது என்பதைக் கணிக்க உதவும் தரவைக் கூகுள் நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளியிடத் தொடங்கியது. கைபேசி இருப்பிடத்தைத் தொகுத்து, அவ்வாண்டு ஜனவரி 3 முதல் பெப்ரவரி 6 வரையான நாள்களோடு ஒப்பிட்டது. பல நாடுகளில் தடை வருமுன்பே நடமாட்டம் குறையத் தொடங்கியிருந்தது. பயம் சட்டத்தை முந்திக்கொண்டது. ஆனால் போக முடியாதவர் எதை இழந்தார் என்பது எந்தக் கைபேசியிலும் பதியாது. யாழ்ப்பாணத் தீவகத்தில் அதுதான் பெரிய கணக்கு.

ஊர்காவற்றுறை அமைந்த வேலணைத்தீவும் புங்குடுதீவும் தாம்போதிகளால் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போக, புங்குடுதீவைக் கடந்து குறிகட்டுவானில் படகேற வேண்டும். நெடுந்தீவுக்குக் குமுதினிப் படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். தடையை அமல்படுத்த இதைவிட வசதியான ஊர் கிடைக்காது. இறங்குதுறையில் நாலு பேர் நின்றால் போதும். அதே வசதிதான் சிக்கலும். நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு, ஆனால் கடும் நோயாளியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய சந்தையும் அக்கரையில்தான். நகரவாசிக்கு அத்தியாவசியப் பயணம் என்பது தெருமுனைக் கடை. தீவாருக்கு அது கடல்.

2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. இரண்டு நாளில் யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர் அடையாளம் காணப்பட, மாவட்டம் அபாய வலயப் பட்டியலில் சேர்ந்து நீண்ட ஊரடங்குக்குள் போனது. விவசாயத்துக்கும் கடற்றொழிலுக்கும் விலக்கு இருந்தது. கடலுக்குப் போகலாம், ஆனால் நண்டையும் மீனையும் வாங்கிக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பும் சங்கிலி அறுந்திருந்தது. படகுக்கு விலக்குக் கொடுத்த கொள்கை விலைக்கு ஒன்றும் செய்யவில்லை.

அந்த ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையில் தொற்றுப் பரவியது. அங்கு வேலை செய்து ஊர் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் புங்குடுதீவு முடக்கப்பட்டது. தீவகத்து இளம் பெண்கள் தென்னிலங்கைக்கு வேலைக்குப் போவதும், ஆலை மூடினால் வீட்டுக்கு வருவதும் ஊரிலே வேலையில்லாததன் விளைவு. அந்தப் பயணத்தை நோயின் பாதையாக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். போதாக்குறைக்கு, புங்குடுதீவு மூடினால் நெடுந்தீவார், நயினாதீவார் போகும் வீதியும் அதற்குள் அகப்படும்.

2021 கடவுளர்க்கும் கடினமான ஆண்டு. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு யாத்திரிகர் போகவில்லை. நயினாதீவு நாகதீப விகாரையில் நடத்தத் திட்டமிட்ட அரச வெசாக் விழாவையும் அரசு கைவிட்டது. தன் தடைக்குத் தானே கட்டுப்பட்ட அபூர்வ தருணம் அது. மே 21 முதல் ஜூன் 21 வரை நீடித்த பயணத் தடை நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாக் காலத்தையும் தொட்டது. அடையாள அட்டையின் கடைசி இலக்கம் பார்த்து வெளியே போகும் நாளைப் பிரித்த முறையோ, காற்றையும் படகு நேரத்தையும் பார்த்துப் பயணம் வைக்கும் ஊருக்குப் பொருந்தாத நகரத்து யோசனை.

இத்தடைகளுக்குச் சட்டப் பின்புலமாகச் சொல்லப்பட்டது பிரித்தானியர் 1897இல் இயற்றிய தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். 2020 ஊரடங்கு முறைப்படி வர்த்தமானியில் அறிவிக்கப்படவில்லை என்று சட்டத்தரணிகள் கேள்வி எழுப்பினர். 2021 ஓகஸ்ட் 20இல் வந்தது 'தனிமைப்படுத்தல் ஊரடங்கு' என்ற பெயரில். ஒக்டோபர் 1 அதிகாலை நீங்கியது. அடுத்த ஆண்டு நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, எந்தத் தடையும் இல்லாமலே தீவுப் பயணம் மீண்டும் சுருங்கியது.