தாத்தா நாற்காலிக்கு ஒரு ரீ-என்ட்ரி!

‘அந்தக் கால் ஆடுற நாற்காலியைத் தூக்கிப் பழைய சாமான்காரர்கிட்ட போடுங்கப்பா!’ இந்த டயலாக்கை நீங்களும் வீட்டில் ஒருமுறையாவது விட்டிருப்பீங்க. ஒரு நிமிஷம் பாஸ்... போடுறதுக்கு முன்னாடி அதைக் கவிழ்த்து, பாலிஷ் படாத அடிப்பக்கத்தைப் பாருங்க. மரத்தின் ரேகைகள் மேலிருந்து ஓரம் வரை தொடர்ந்து ஓடுதா? அப்போ அது முழு மரம். கையில் இருப்பது குப்பை இல்லை, சொத்து!

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வீடுகளில் இருக்கும் கட்டில், பெஞ்சில் சிலது பர்மா தேக்காகவே இருக்கலாம். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கிய மரம் அது. சாதாரண மரமா? 1885-ல் தேக்கு வெட்டிய பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று கணக்கை மறைத்ததாக பர்மா அரசு பெரிய அபராதம் போட, அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். மன்னர் திபா நாட்டையே இழந்து, ரத்னகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். 2014 ஏப்ரலில் மியான்மர் அரசு முழு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. ஆக, உங்க வீட்டு ஓட்டை பெஞ்சுக்கு இன்னொரு பீஸ் கிடைப்பது கஷ்டம்!

வெள்ளம் வைத்த பரீட்சை

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் ஞாபகம் இருக்கா? எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் வீடுகளுக்குள் வந்தது வெறும் மழைத் தண்ணி இல்லை, கறுப்பு எண்ணெயும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு வெள்ளத்தில் முதலில் போவது தவணையில் வாங்கிய பார்ட்டிக்கிள் போர்டு பீரோதான். மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை அது. தண்ணியில் ஊறினால் ரொட்டி மாதிரி உப்பும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

முழு மரம் அப்படியில்லை. பழைய நாற்காலிகளில் ஒரு கட்டையின் முனையைச் சீவி, இன்னொன்றின் துளைக்குள் செருகி வஜ்ஜிரம் போட்டிருப்பாங்க. ஈரத்தில் அந்த வஜ்ஜிரம் கரையும், கால் ஆடும். பார்க்கிறவங்க ‘உடைஞ்சு போச்சு’ம்பாங்க. பல நேரம் மரம் உடைஞ்சிருக்காது, பசைதான் விட்டிருக்கும்!

களத்தில் இறங்கலாமா?

முதலில் காய வைங்க. மொட்டை மாடி வெயில் வேண்டாம், மரம் வெடிச்சிடும். நிழலில், காற்றோட்டமா, பல நாள். எண்ணெய்க் கறை இருந்தால் கையுறை போட்டு, டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணியால் கழுவி, திரும்பவும் காய வைக்கணும். எண்ணெய்ப் பிசுக்கு மேல் பாலிஷ் ஒட்டாது.

அடுத்து, ஆடுற காலைக் கழற்றுங்க. பழைய பசையைச் சுடுதண்ணி தொட்டுச் சுரண்டி, காய்ந்ததும் ஃபெவிக்கால் தடவிச் செருகுங்க. க்ளாம்ப் இல்லையா? பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்க. ஆணி அடிக்காதீங்க. நம்ம ஏரியா உப்புக் காத்துக்கு இரும்பு துருப்பிடித்து மரத்தையும் கெடுக்கும். தேவைப்பட்டால் பித்தளை ஸ்க்ரூ.

அப்புறம் உப்புத்தாள். 80, 120, 220 என்ற நம்பர் வரிசையில், ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்கணும். குறுக்கே தேய்த்தால் கீறல் பாலிஷுக்கு மேலேயும் பல்லிளிக்கும். ஒரு எச்சரிக்கை: பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டு பெயின்ட்டுக்கான ஈயக் கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பெயின்ட் அடித்த சாமானை உலர்ந்த நிலையில் தேய்க்காதீங்க. தண்ணி தொட்டு, மாஸ்க் போட்டு, குட்டிப் பசங்களைத் தள்ளி வெச்சிட்டுத் தேய்க்கணும்.

கடைசியா மேக்கப்! அவலரக்கு, அதாவது கடையில் ‘ஷெல்லாக்’னு கேட்டால் தருவாங்க. 50 கிராமை கால் லிட்டர் பாலிஷ் ஸ்பிரிட்டில் இரவு முழுக்க ஊற வைத்து வடிகட்டி, பஞ்சு வைத்த பருத்தித் துணியால் மெல்லிசா நாலஞ்சு கோட். அடுப்பு, சிகரெட் பக்கத்தில் கூடவே கூடாது. மழை நாளில் செய்தால் பாலிஷ் வெள்ளையாகப் பூத்துவிடும், ஐப்பசி, கார்த்திகைக்கு லீவு விடுங்க. சூடான டம்ளர் வைக்கிற மேஜைக்கு மட்டும் வார்னிஷ் பெட்டர்.

கட்டை உளுத்து உதிர்ந்தாலோ, கால் இரண்டாகப் பிளந்தாலோ தெருமுனை ஆசாரியைக் கூப்பிடுங்க. அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நின்னு பாருங்க, எந்த காலேஜிலும் கிடைக்காத லேப் அது!

செலவு? பசை, உப்புத்தாள், அரக்கு, ரெண்டு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வெள்ளம் எப்போ வரும்னு யாருக்கும் தெரியாது. வந்தால், வடிந்த பிறகும் உட்கார வீட்டில் ஒரு நாற்காலி மிஞ்சும்.