கேட்டால்தான் கிடைக்கும் பாட்டு

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு வானொலி நடத்துகிறவர்கள் நினைத்த பாட்டையெல்லாம் போட்டுவிட முடியாது. வாரத்தில் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாட்டுகளில் 65 விழுக்காடு பிரெஞ்சில் இருக்க வேண்டும். வேலை நாட்களில் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணிவரை 55 விழுக்காடாவது இருக்க வேண்டும். நள்ளிரவில் பிரெஞ்சைப் போட்டுக் கணக்குக் காட்டிவிட்டு, சனம் கேட்கிற நேரத்தில் ஆங்கிலத்தை ஓடவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இரண்டாவது விதி.

மொன்றியலில் பாண் வான் ஓட்டுகிற எனக்குப் பிரெஞ்சு படிப்பித்தது இந்த விதிதான். வகுப்பில் ஏறாத சொல்லெல்லாம் வானொலிப் பாட்டில் ஏறியது. நானாகத் தேடிய பாட்டு ஒன்றுமில்லை. எல்லாம் தானாகக் காதில் விழுந்தவை. லே கௌபோய் ஃப்ரிங்கான் குழுவின் பாடகர் கார்ல் ட்ரம்பிளே 2023 நவம்பரில் இறந்தபோது கியூபெக்கே துக்கம் கொண்டாடியது. வேலைத்தலத்தில் கண் கலங்கி நின்றவர்களோடு நின்று, அவருடைய பாட்டுகளைப் பற்றி நானும் இரண்டு வார்த்தை பேச முடிந்தது.

இப்போது என் பாண் வானில் பாடுவது கைபேசி. ஒரு காலத்தில் தமிழ்க் கடையில் மரக்கறியோடு கசெட்டும் தேடி அலைந்தவன் நான். இன்று மாதச் சந்தாவில் சுசீலாவும் வருகிறார், நேற்று வெளியான படப்பாட்டும் வருகிறது. இந்த ஊரில் எந்த ஒதுக்கீடும் இல்லாத தமிழுக்கு ஸ்ட்ரீமிங் கதவைத் திறந்துவிட்டது. சட்டம் காத்துவந்த பிரெஞ்சுக்கோ அதே ஸ்ட்ரீமிங்கில் இடம் குறைந்துவிட்டது. செயலிக்கு 65 விழுக்காட்டு விதி கிடையாது. எதை முழுக்கக் கேட்கிறோம், எதைத் தாண்டிப் போகிறோம் என்று பார்த்து, அதே சாயலில் அடுத்ததை நீட்டுவதுதான் அதன் வேலை.

காசும் அந்த வழியேதான் போகிறது. ஸ்பொட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. சந்தாப் பணத்தை ஒன்றாகச் சேர்த்து, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். ஆங்கிலப் பாட்டுகள் மலைபோல் குவிந்திருக்கும் இடத்தில் கியூபெக் பாடகருக்குச் சில்லறைதான் மிஞ்சும்.

அதற்காக ஸ்ட்ரீமிங் எங்கும் ஆங்கிலத்தையே வளர்க்கிறது என்று சொல்ல முடியாது. ஸ்பொட்டிஃபையின் பொருளாதார நிபுணராக இருந்த வில் பேஜ், கிறிஸ் டல்லா ரீவாவோடு சேர்ந்து 2023இல் எழுதிய ஆய்வு வேறு கதை சொல்கிறது. போலந்து, பிரான்ஸ், ஜெர்மனி போன்ற நாடுகளின் முன்னணிப் பட்டியல்களில் சொந்த மொழிப் பாடகர்களின் கை ஓங்கியிருக்கிறது. போலந்துப் பிள்ளைகளை யாரும் வற்புறுத்தவில்லை. தங்கள் மொழி ராப்பைத் தாங்களே தேடி அழுத்துகிறார்கள். நாலு பக்கமும் ஆங்கிலம் சூழ்ந்த கியூபெக்கில் அந்த விரல்கள் போதவில்லை.

கனடா 2023இல் இணைய ஒலிபரப்புக்குச் சட்டம் கொண்டுவந்தது. மறு வருடம் ஒலிபரப்பு ஆணையம், கனடாவில் ஆண்டுக்கு 2.5 கோடி டொலருக்கு மேல் வருமானமுள்ள ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதில் 5 விழுக்காட்டை உள்நாட்டுப் படைப்புகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. காசு வந்தால் பாட்டுப் பிறக்கும். ஆனால், கேட்காதவர் காதில் அதைக் கொண்டுபோய்ப் போடக் காசால் ஆகாது. வானொலி செய்தது அதைத்தான்.

என் மகள் கியூபெக்கின் 1977ஆம் ஆண்டு மொழிச் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தோழிகளோடு பிரெஞ்சில் கதைப்பாள். ஹெட்போனில் கேட்பது முழுக்க ஆங்கிலம். தமிழ்ப் பாட்டும் அதில் வருவதில்லை. செயலி தமிழை எனக்குத் தருகிறது, நான் கேட்பதால். கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த மொழியையும் அது தானாகக் கொண்டுவந்து கொடுக்காது.

அதனால் இராச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஸ்பீக்கர்தான், ஆளுக்கொரு பாட்டு. அவள் ஆங்கிலம் போடுவாள், மனைவி தமிழ், நான் பிரெஞ்சு. என்னுடைய முறை வந்தால் மகள் முகத்தைச் சுளிப்பாள். சுளிக்கட்டும், தாண்டிப் போகிற பொத்தான் அந்த நேரத்தில் அவள் கையில் இல்லை.