பிரசவப் பணம்: ஏழாவது மாசத்துக்குள்ள முடிக்க வேண்டிய பேப்பர் வேலைகள்



பிரசவச் செலவுக்கு எவ்வளவு எடுத்து வைக்கணும்னு நம்ம வீடியோவுல பேசியிருந்தேன். அதுல சொல்லாம விட்ட ஒரு விஷயம் இந்தக் கட்டுரை. செலவுக்குப் பணம் சேர்க்கிறது ஒரு பக்கம். உங்களுக்குச் சட்டப்படி வர வேண்டிய பணம் ஒரு தேதியையோ ஒரு நம்பரையோ கவனிக்காததால வராமப் போறது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் நிறைய பேருக்கு நடக்குது. எனக்கும் நடந்தது.

நான் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட். எந்தப் பேப்பரை எந்தத் தேதிக்குள்ள கொடுக்கணும்னு மத்தவங்களுக்குச் சொல்றதுதான் என் தொழில். ஆனா என் குழந்தை பிறந்த முதல் பத்து நாள், இன்னைக்கு என்ன கிழமைன்னே எனக்குத் தெரியாது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். எங்க ஊர் ஆரணி. பட்டுப்புடவை ஆரணி இல்லைங்க, திருவள்ளூர் மாவட்டத்துல பெரியபாளையத்துக்குப் பக்கத்துல ஆத்தங்கரையில இருக்கிற ஆரணி. எனக்கு சிசேரியன். தையல் வலியில படுக்கையில இருந்து எழுந்து உட்காரவே ஒரு ஆள் பிடிக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கொடுக்கணும். பால் சரியா வரலையேன்னு ஒரு அழுகை, வந்ததும் மார்பு கட்டிக்கிட்டு ஒரு அழுகை. நாலாவது நாள் குழந்தையோட கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சது. பிறந்த குழந்தைகளுக்கு முதல் வாரத்துல மஞ்சள் காமாலை வர்றது சகஜம்தான். ஆனா அளவு கூடுதலா இருந்ததால ரெண்டு ராத்திரி லைட்டுக்கு அடியில வைக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

இன்சூரன்ஸ் கவுண்டர்ல என் கணவர்கிட்ட கேட்ட முதல் கேள்வி: "குழந்தையை பாலிசியில சேர்த்தாச்சா?" சேர்க்கலை. என் ஆபீஸ் பாலிசியில பிறந்த நாள்ல இருந்தே குழந்தைக்குக் கவரேஜ் இருக்கு. ஆனா பிறந்ததை மெயில்ல தெரிவிச்சு, பேரைச் சேர்க்கணும். அந்த ஒரு மெயில் போகாததால கேஷ்லெஸ் கிடைக்கலை. கையில இருந்து கட்டிட்டு, பில்லை அனுப்பி, பணம் திரும்ப வர மூணு மாசம் ஆச்சு. எங்களால சமாளிக்க முடிஞ்சது. முடியாத வீடுகள்தான் நம்ம பக்கம் அதிகம்.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். குழந்தை பிறந்த பிறகு உங்களால பேப்பர் வேலை பார்க்க முடியாது. ஏழாவது மாசத்துக்குள்ள முடிச்சிடுங்க.

1. இ.எஸ்.ஐ.: 70 நாள் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளுக்கு நம்ம ஊர்ப் பக்கத்துல இருந்து எத்தனை பெண்கள் ஷிப்ட் பஸ் ஏறுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். மாசச் சம்பளம் ₹21,000 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு இ.எஸ்.ஐ. பிடிப்பாங்க. உங்க பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. ₹15,000 சம்பளத்துக்கு உங்ககிட்ட பிடிக்கிறது மாசம் ₹113.

அந்த ₹113-க்குப் பிரசவ நேரத்துல என்ன கிடைக்கும்? முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், அதாவது 182 நாள், உங்க சராசரி தினக்கூலி முழுசா கிடைக்கும். தினக்கூலி ₹500-ன்னு வெச்சா 182 × 500 = ₹91,000. இதைக் கொடுக்கிறது கம்பெனி இல்லை, இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன். உங்க பேங்க் அக்கவுண்டுக்கே நேரா வரும்.

இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. பிரசவம் எந்த அரையாண்டுல வருதோ, அதுக்கு முந்தின ரெண்டு சந்தா காலங்கள்ல சேர்த்து குறைந்தது 70 நாளுக்கு சந்தா போயிருக்கணும். சந்தா காலம்னா ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒண்ணு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொண்ணு. உதாரணமா 2026 பிப்ரவரியில பிரசவம்னா, 2024 அக்டோபர்ல இருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் உள்ள ஒரு வருஷத்துல 70 நாள் கணக்குல இருக்கணும். 2025 நவம்பர்ல புதுசா வேலையில சேர்ந்தவங்களுக்கு அந்த பிப்ரவரி பிரசவத்துக்கு இந்தப் பணம் வராது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். எங்க தெருவுல ஒரு அக்கா, கான்ட்ராக்ட்ல வேலை பார்த்தவங்க. நடுவுல கான்ட்ராக்டர் மாறினாங்க. வேலை அதே மெஷின்ல, அதே கேட்டுக்குள்ளதான். ஆனா புது கான்ட்ராக்டர் அவங்களுக்குப் புதுசா ஒரு இன்சூரன்ஸ் நம்பர் போட்டுட்டாங்க. பழைய நம்பர்ல கொஞ்சம் நாள், புது நம்பர்ல கொஞ்சம் நாள். தனித்தனியா பார்த்தா ரெண்டுலயும் 70 இல்லை. கிளெய்ம் நின்னு போச்சு. ரெண்டு நம்பரையும் ஒண்ணா சேர்க்கச் சொல்லி கிளை அலுவலகத்துல எழுதிக் கொடுத்தா சரியாகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. அவங்க என்கிட்ட வந்தப்போ குழந்தைக்கு ஆறு மாசம். அதுக்குள்ள குழுக் கடன் தவணைக்கு வேற வழி இல்லாம, குழந்தைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போதே வேலைக்குத் திரும்பிட்டாங்க. நம்பரைச் சேர்த்து பணம் கடைசியில வந்தது. ஆனா வேலைக்குப் போன நாட்களுக்கு வராது, வேலை செய்யாம இருந்த நாட்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம். அந்த நாலு மாசத்தை அவங்களுக்கு யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது.

இன்சூரன்ஸ் நம்பர் ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்க ஒண்ணுதான். கம்பெனி மாறினாலும் கான்ட்ராக்டர் மாறினாலும் பழைய நம்பரைக் கொடுங்க. இ.எஸ்.ஐ. இணையதளத்துல லாகின் பண்ணி எத்தனை நாள் சந்தா ஏறியிருக்குன்னு இன்னைக்கே பாருங்க. சம்பளச் சீட்டுல பிடிச்சிருக்காங்கங்கிறதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

2. சம்பளம் ₹21,000-க்கு மேலயா?

அப்போ உங்க கம்பெனிதான் 26 வாரச் சம்பளம் கொடுக்கணும். 1961-ம் வருஷ மகப்பேறு பயன் சட்டத்துல 12 வாரமா இருந்ததை 2017-ல 26 வாரமா ஆக்கினாங்க. 2025 நவம்பர் 21-ல இருந்து இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்திருக்கு, 26 வாரம் மாறலை. ஏற்கனவே ரெண்டு குழந்தை இருக்கிறவங்களுக்கு 12 வாரம்.

நிபந்தனை: பிரசவ தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருக்கணும். பிரசவத்துக்கு முன்னாடி 8 வாரம் வரைக்கும் எடுத்துக்கலாம், மிச்சம் பின்னாடி.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு: பிரசவத்துக்கு முந்தின பகுதிப் பணத்தை, கர்ப்பச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே கொடுக்கணும். மிச்சத்தை, குழந்தை பிறந்த சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ள கொடுக்கணும். "திரும்பி வேலைக்கு வந்தாதான் தருவோம்"னு சொல்றது சரியில்லை. இந்த விடுப்புல இருக்கும்போது அதைக் காரணமா வெச்சு வேலையை விட்டு நிறுத்துறதும் சட்டப்படி தப்பு. விடுப்புக் கடிதத்தை எழுத்துல கொடுத்து, கிடைச்சதுன்னு ஒரு கையெழுத்தோ மெயிலோ வாங்கி வெச்சுக்கோங்க.

இந்தப் பணம் சம்பளம்தான். அதனால வருமான வரிக் கணக்குல வரும்.

3. முத்துலட்சுமி ரெட்டி திட்டம்: ₹18,000

வேலைக்குப் போகாத, வருமானம் குறைந்த குடும்பப் பெண்களுக்கு இதுதான் பெரிய துணை. 1987-ல வெறும் ₹300-ல ஆரம்பிச்ச திட்டம் இது. இன்னைக்கு ₹14,000 பணமாகவும், ₹4,000 மதிப்புக்கு ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்குது. வயசு 19 ஆகியிருக்கணும், முதல் ரெண்டு பிரசவத்துக்குத்தான். பணம் மூணு தவணையா வரும்: கர்ப்பத்தோட நாலாவது மாசம் ₹6,000, குழந்தைக்கு நாலாவது மாசம் ₹6,000, ஒன்பதாவது மாசம் ₹2,000.

இதுக்கு அடிப்படை, 12 வாரத்துக்குள்ள உங்க பகுதி கிராம சுகாதார செவிலியர்கிட்ட பதிவு பண்ணி பிக்மி நம்பர் வாங்குறது. தனியார் ஆஸ்பத்திரியில பார்க்கிறவங்களும் இந்த நம்பர் வாங்கணும், பிறப்புப் பதிவுக்கே இதைக் கேட்பாங்க. பேங்க் அக்கவுண்ட் உங்க பேர்ல இருக்கணும், ஆதாரோட இணைச்சிருக்கணும். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு பேர், பின்னாடி ஒரு பேர்னு ஆதார்லயும் பாஸ்புக்லயும் வேற வேற இருந்தா இப்பவே சரி பண்ணுங்க. பணம் நிக்கிறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

4. ஆஸ்பத்திரிச் செலவு

அரசு ஆஸ்பத்திரியில சுகப்பிரசவமோ சிசேரியனோ, மருந்து, டெஸ்ட், ரத்தம், சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டு வந்து விடுற வண்டி எல்லாமே இலவசம். பிறந்த குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னாலும் அப்படித்தான். வீடு திரும்ப 102-க்குக் கூப்பிடுங்க. அவசரத்துக்கு 108.

தனியார்லன்னா, உங்க பாலிசியில இந்த நாலையும் பாருங்க:

• பிரசவக் கவரேஜ் இருக்கா, எவ்வளவு வரைக்கும்? ஆபீஸ் குரூப் பாலிசியில சிசேரியனுக்கு ஒரு உச்ச வரம்பு இருக்கும்.
• காத்திருப்புக் காலம் எவ்வளவு? நீங்களா எடுக்கிற பாலிசியில சில வருஷம் வரைக்கும் போகும். கர்ப்பம்னு தெரிஞ்ச பிறகு எடுத்தா இந்தப் பிரசவத்துக்கு உதவாது.
• ரூம் வாடகை வரம்பு எவ்வளவு? அதுக்கு மேல ரூம் எடுத்தா டாக்டர் ஃபீஸ் மாதிரியான செலவுகளையும் அதே விகிதத்துல குறைக்கலாம்.
• குழந்தைக்கு முதல் நாள்ல இருந்தே கவரேஜ் இருக்கா? எத்தனை நாளுக்குள்ள பேரைச் சேர்க்கணும்?

கடைசிக் கேள்வியிலதான் நான் மாட்டினேன். ஹெச்.ஆருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை இப்பவே எழுதி டிராஃப்ட்ல வெச்சு, உங்க கணவருக்கோ தம்பிக்கோ கொடுத்துடுங்க. குழந்தை பிறந்ததும் தேதியைப் போட்டு அனுப்பினா போதும்.

ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள்ள இருக்கிற குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்பவே வாங்கி வைங்க. குறைமாசக் குழந்தையை ஐ.சி.யு.-வுல வைக்கிற நிலைமை வந்தா, அந்த நேரத்துல வருமானச் சான்றுக்கு அலைய முடியாது.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு: ஐப்பசி, கார்த்திகையில தேதி இருந்தா, பிச்சாட்டூர் அணையில தண்ணி திறந்தா எந்தத் தரைப்பாலம் முழுகும்னு பார்த்து ஆஸ்பத்திரிக்கு மாற்று வழியை முடிவு பண்ணி வைங்க. கடைசி நேரத்துல வழி மாறி, பாலிசி லிஸ்ட்ல இல்லாத ஆஸ்பத்திரிக்குப் போனா கேஷ்லெஸ்ஸும் போயிடும்.

5. பிறப்புச் சான்றிதழ்

21 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். பேர் வைக்கலைன்னாலும் பதிவு பண்ணலாம், ஒரு வருஷத்துக்குள்ள பேரைக் கட்டணம் இல்லாம சேர்த்துக்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு ஸ்கூல், ஆதார், பாஸ்போர்ட் எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அப்பா அம்மா பேர் எழுத்து, இனிஷியல் எப்படி வரணும்னு ஒரு பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி ஆஸ்பத்திரி ஃபைல்ல வைங்க. அசதியில வாயால சொன்னா தப்பாத்தான் எழுதுவாங்க.

6. நடுவுல வர்ற பணத் தட்டுப்பாடு

இ.எஸ்.ஐ. பணம் மாசா மாசம் 1-ந்தேதி சம்பளம் மாதிரி வராது, தாமதமாகலாம். ஆனா வாடகை, குழுக் கடன், நகைச் சீட்டு தேதி தவறாது. அதனால மூணு மாசத் தவணையும் வீட்டுச் செலவும் தனியா எடுத்து வைங்க. மாசம் ₹12,000 செலவுன்னா ₹36,000. கர்ப்பம் தெரிஞ்சதுல இருந்து ஆறு மாசம், மாசம் ₹6,000. கஷ்டம்தான், ஆனா அடகுக் கடை வட்டியை விடக் குறைவு.

எது அவசரமில்லை?

செல்வமகள் திட்டம், குழந்தை பேர்ல எஸ்.ஐ.பி., என்.பி.எஸ். வாத்சல்யா. குழந்தை பிறந்த வாரமே சொந்தக்கார ஏஜென்ட் வீட்டுக்கு வருவார். செல்வமகள் கணக்கைப் பத்து வயசு வரைக்கும் ஆரம்பிக்கலாம். ஆறு மாசம் தள்ளினா ஒண்ணும் ஆகாது. அந்த நேரத்துல எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க, தூங்குங்க.

ஒரே ஒரு ஃபைல்

ஆதார் நகல், பாஸ்புக் நகல், பிக்மி நம்பர், இ.எஸ்.ஐ. நம்பர், பாலிசி அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், விடுப்புக் கடித நகல், பேர் எழுதின பேப்பர். எல்லாம் ஒரே ஃபைல்ல வெச்சு, அது எங்கே இருக்குன்னு வீட்டுல ரெண்டு பேருக்குச் சொல்லிடுங்க.

இதைப் படிக்கிற கணவர்கள், அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரை உண்மையில உங்களுக்குத்தான். பால் கொடுக்கிறதும் வலி தாங்குறதும் அவங்க வேலையா இருக்கு. ஃபைல் தூக்குறதாவது உங்க வேலையா இருக்கட்டும்.

அடுத்த வீடியோவுல இ.எஸ்.ஐ. சந்தா நாளை எப்படிப் பார்க்கிறதுன்னு மொபைல்லயே காட்டுறேன். உங்க வீட்டுக்குப் பக்கத்துல வேலைக்குப் போற கர்ப்பிணி யாராவது இருந்தா, இன்னைக்கே அவங்க நம்பரைச் சரி பார்க்கச் சொல்லுங்க.