இரு படையும் சூடிய பூ

வெளுத்த வேட்டியைக் கண்டால் தும்பைப்பூப் போல என்கிறோம். அந்தப் பூவைச் செடியில் அடையாளம் காட்டக்கூடிய மாணவர்கள் என் வகுப்பில் மிகச் சிலரே.

கலகெதரவில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. மலை குருநாகல் பக்கமாகச் சரிந்திறங்கும் வீதியோரங்களிலும் தரிசிலும் தானாகவே முளைக்கும். நாற்கோணத் தண்டு, கணுவில் உருண்டு திரண்ட பச்சைக் கொத்து, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் வெள்ளைப் பூ. ஓராண்டுக்குள் பூத்து, விதை உதிர்த்துப் பட்டுப்போகும் பூண்டு இது. சிங்கள மக்கள் இதனைக் 'கெட தும்ப' என்பர். 'கெட' என்றால் முடிச்சு. இலையை மல்லும் செய்து உண்பர். 1753 இல் லின்னேயஸ் இச்செடிக்கு இட்ட பெயரிலும் 'ஸெய்லானிக்கா' என்று நம் நாடே நிற்கிறது.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில், மலைப்பெண்கள் பறித்துக் குவிக்கும் 99 பூக்களுள் தும்பையும் ஒன்று. புறத்திணையிலோ அது போர்ப்பூ. புறப்பொருள் வெண்பாமாலை வகுக்கும் முறையில், நிரை கவர்வோர் வெட்சி சூட, மீட்போர் கரந்தை சூடுவர். அரணை முற்றுவோர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. இப்படிப் பூவைக் கொண்டே பகைவரைப் பிரித்தறியலாம். ஆனால், இரு வேந்தரும் களத்தில் நேர்நின்று பொருதும் கடும்போரில் இரு படைக்கும் பூ ஒன்றே, அதுதான் தும்பை. கொல்பவனும் வீழ்பவனும் ஒரே வெள்ளைப் பூவைத் தலையில் அணிந்திருப்பர்.

தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணைக்கும் ஓர் அகத்திணையை இணைத்தார். தும்பைக்கு அவர் இணைத்தது நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். வீரத்தின் உச்சமெனப்படும் போருக்குப் பக்கத்தில் அழுகையை நிறுத்திய அந்த அமைப்பை, பரீட்சைக்கான அட்டவணையாக மட்டும் மனனம் செய்வது போதாது.

கலகெதரவும் படை கண்ட வழிதான். 1803 இல் கண்டியைப் பிடிக்க வந்த பிரித்தானியப் படை இக்கணவாய் வழியே ஏறியது. பின்னர், 2009 இல் முடிந்த நீண்ட போரையும் இந்நாடு கண்டது. அதில் பொருத இரு தரப்பாரின் தாய்மொழிகளிலும் இப்பூண்டின் பெயர் ஏறக்குறைய ஒன்றே. தும்பைத் திணைக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் அறியேன்.

ஆசிரிய நண்பர்களே, புறத்திணை கற்பிக்கும் நாளில் ஒரு தும்பைச் செடியை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். அதன் பெயரைச் சிங்கள மாணவரிடமும் கேட்டுவரச் சொல்லுங்கள்.