பிளவு எங்கே திறக்கும்?

ரீயூனியன் தீவில் எரிமலை பொங்கினால் ஜனங்கள் ஓடி ஒளிவதில்லை. காரை எடுத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்புகிறார்கள். மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு இது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கே ஏராளம். சுமார் 2,630 மீட்டர் உயரமுள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்ற இத்தீவின் எரிமலை, 17ஆம் நூற்றாண்டு முதல் 150 தடவைக்கு மேல் பொங்கியிருக்கிறது.

வேடிக்கை பார்க்கப் போகும் அந்தத் துணிச்சலுக்குக் காரணம் உண்டு. இது கேடய எரிமலை. இதன் பசால்ட் குழம்பு இளக்கமானது. உள்ளிருக்கும் வாயு எளிதில் வெளியேறிவிடுவதால் பெருவெடிப்பு அபூர்வம். குழம்பு வழிந்து, பரவி, அடுக்கடுக்காக உறைந்துதான் மலையே அகன்று வளர்ந்தது. போதாததற்கு, உச்சியைச் சுற்றி லாட வடிவில் செங்குத்துப் பாறைமதில் நிற்கிறது. அதன் திறந்த பக்கம் கடலைப் பார்த்திருக்கிறது. குழம்பு வெளிவரும் பிளவுகள் பெரும்பாலும் மதிலுக்குள்ளேதான் திறக்கின்றன. அங்கே குடியிருப்பே கிடையாது.

மதிலுக்கு வெளியே திறந்தால் கதை வேறு.

1977 ஏப்ரலில் அதுதான் நடந்தது. பித்தோன் செந்த்-ரோஸ் கிராமத்துக்குள் குழம்பு புகுந்து வீடுகளை எரித்தது. தேவாலயத்தைச் சூழ்ந்து, வாசல்வரை வந்து உறைந்தது. பக்தர்கள் அதை அற்புதம் என்றார்கள். அரசாங்கம் மலையைக் கண்காணிக்க ஓர் ஆய்வகம் கட்டியது. 1986இலும் மதிலுக்கு வெளியே பிளவு திறந்தது. வீடுகள் போயின, ஆனால் கடலில் இறங்கிய குழம்பு தீவுக்குப் புதுநிலம் சேர்த்தது.

உள்ளே திறந்தாலும் எப்போதும் நிம்மதி இல்லை. 2007 ஏப்ரலில் உச்சிப்பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கியது. கரையோர நெடுஞ்சாலையைக் குழம்பு மூடியது. கடலைத் தொட்ட இடத்தில் அமில ஆவி கிளம்பி, பக்கத்துக் கிராமமான லெ த்ரம்ப்ளேயில் மூச்சுவிடுவதே சிரமமாயிற்று. ஆழ்கடல் மீன்கள், அறிவியல் அதிகம் கண்டிராத இனங்கள் உட்பட, செத்து மிதந்தன. ஆய்வாளர்களுக்கு அது எதிர்பாராத அறுவடை.

மழை கொட்டும் கிழக்குச் சரிவு என்பதால் உறைந்த பாறையில் சில ஆண்டுகளிலேயே சாம்பல்நிறப் பாசிக்காளான் படர்கிறது. பின்னால் பெரணி வருகிறது. காடாக நூற்றாண்டுகள் பிடிக்கும். சாலையைப் பொறுத்தவரை அவ்வளவு பொறுமை கிடையாது: பாறை கொஞ்சம் ஆறியதும் அதன் மேலேயே புதிதாகப் போடுகிறார்கள்.

ஆய்வகக் கருவிகள் சிறு நிலநடுக்கங்களையும் மலை லேசாக உப்புவதையும் பதிவு செய்கின்றன. அதிர்வுகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதை வைத்து, குழம்பு எங்கே வெளிப்படும் என்று கணிக்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் நிர்வாகம் மதிலுக்குள் இறங்கும் நடைபாதையைப் பூட்டிவிடும். சில சமயம் பூட்டிய சில மணி நேரத்துக்குள் பிளவு திறந்துவிடுகிறது.